ஒன்றுக்கும் உதவாத இரண்டு வருடப் படிப்பு

"இதைப் படிச்சு என்னவா வரப்போறீர்?" என்று கணவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வருமா என்று கேட்கிறவர் போலக் கேட்டார்.

"தெரியேல்லை," என்றேன். "ஒண்டுமாயும் வராதுபோலதான் கிடக்கு."

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜேர்மனியில் இப்படியொரு பதிலைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இங்கே எதைப் படித்தாலும் அதன் மறுமுனையில் ஒரு தொழில் நிற்கும். கடையில் நின்று பாண் விற்பதற்கும் அவுஸ்பில்டுங் என்று மூன்று வருடத் தொழிற்பயிற்சி இருக்கிறது. அகதிகளாக வந்து இறங்கிய எங்களுக்கு முதலில் சொல்லித் தரப்பட்டதும் அதுதான்: எதையாவது பழகுங்கள், அதைக் கொண்டு வேலைக்குப் போங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னதும் வேறொன்றில்லை. மகள் டார்ம்ஸ்டாட்டில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். மகன் அப்போது ஆஹெனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த தாய் மட்டும் வரலாறு, மெய்யியல், இலக்கியம், இசை, வேதபாடம் எல்லாம் கலந்த ஒரு படிப்புக்குப் போகிறேன் என்று நின்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

அதற்கும் மேலே, அது ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. நாங்கள் சைவம். கணவர் கோயில் நிர்வாகசபையில் இருந்தார்.

டோர்ட்முண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பல வருடங்கள் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். ஆட்களைக் கட்டிலில் இருந்து தூக்கி இருத்துவது, குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. ஒருநாள் என் வலது தோள் மேலே எழும்ப மறுத்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இனிப் பாரம் தூக்கும் வேலை கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தேன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் காலையிலேயே எல்லா வேலையும் முடிந்துவிடும். பிறகு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஓய்வெடுக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கோ, யாரோ என்னைக் கொண்டுவந்து ஒரு இடத்தில் வைத்துவிட்டு, பிறகு எடுக்க மறந்து போய்விட்டதுபோல இருந்தது.

சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ப் பாடசாலைக்குத் தேநீர் ஊற்றப் போவேன். திருச்சபை ஒன்றின் கட்டடத்தில் அறைகளை வாடகைக்கு எடுத்துத்தான் அந்தப் பாடசாலை நடந்தது. கிழமை நாட்களில் அதே அறைகளில் திருச்சபையின் சின்னக் கல்லூரி நடந்தது. வெளிநாட்டுச் சபை ஒன்றோடு சேர்ந்து நடத்தியபடியால் இரண்டு வருடத்தில் ஒரு பட்டம் கொடுத்தார்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதை அரைப் பட்டமாகக்கூட எண்ணுவதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கல்லூரியின் அறிவித்தல் தேநீர் மேசைக்கு நேர் மேலே தொங்கியது. வயது தடையில்லை, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் நேரில் வந்து பேசலாம் என்று அதில் இருந்தது.

ஊரில் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது போரால் இடம்பெயர்ந்தோம். பரீட்சை நடந்தது. நான் அங்கே இருக்கவில்லை. அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. கவலைப்பட வேறு எவ்வளவோ இருந்தன. ஆனால் அந்த அறிவித்தலை வாசித்தபோது கேத்தலைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பிள்ளை வந்து, "அன்ரி, டீ இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தேன்.

டேர்மின் எடுத்து, சந்திக்க நேரம் குறித்துக்கொண்டு போனேன். சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி என்னைவிட இளையவர். கட்டையாக வெட்டிய தலைமயிர், அமைதியான முகம். நான் என்ன படித்தேன், என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "நீங்கள் கிறிஸ்தவரா?" என்றார்.

"இல்லை. இந்து."

"புதன்கிழமை காலையில் இங்கே ஆராதனை இருக்கிறது. எல்லா மாணவர்களும் வரவேண்டும். நீங்கள் செபிக்க வேண்டியதில்லை, பாடவும் வேண்டியதில்லை. வந்து இருந்தால் போதும். உங்களால் முடியுமா?"

"இருக்க முடியும்," என்றேன். "பாரம் தூக்கத்தான் முடியாது."

அவர் ஒரு கணம் விளங்காமல் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் சேர்ந்துவிட்டேன்.

கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போறதெண்டால் போம்," என்றார். "ஆனால் கோயிலில ஆக்கள் கதைப்பினம். அவைக்கு நான் என்ன சொல்லுறது?"

"தோள் ஏலாமல் வீட்டில இருக்கேக்க ஒருத்தரும் கதைக்கேல்லையே."

"அது வேறை."

வேறைதான். எனக்கும் தெரியும்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில் இருந்தார்கள். போதகர்களின் பிள்ளைகள், ஆபிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போகிறவர்கள், என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள். என் டொச், அதாவது ஜேர்மன் மொழி, முதியோர் இல்லத்தில் பழகியது. படுக்கைப்புண், மலச்சிக்கல், பல்செட், மூச்சுத் திணறல், இதற்கெல்லாம் சொல் தெரியும். மனச்சாட்சிக்கு என்ன சொல் என்று தெரியாது. வரலாற்றுப் பாடத்துக்கு நான் எழுதிய முதல் கட்டுரை ஒரு அரசனின் வீழ்ச்சியைப் பற்றியது. ஆசிரியர் அதைத் திருப்பித் தரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் இது கட்டுரை மாதிரி இல்லை," என்றார். வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் விளங்கியது. முதியோர் இல்லத்தில் அடுத்த கடமைக்கு வருகிறவருக்கு நாங்கள் குறிப்பு எழுதிவைக்கிற அதே முறையில் எழுதியிருந்தேன். அரசர் காலையில் நன்றாக இருந்தார். மத்தியானத்தில் இருந்து அமைதியில்லை. படையினர் சாப்பிடவில்லை. கவனிக்கவும்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் ஒரு போதகரின் மகன். நெட்டை. என் கட்டுரைகளில் பிழை திருத்தித் தருவான். நான் பொரித்துக் கொண்டுபோகும் றோல்ஸில் பாதி அவனுக்குப் போகும். அவன் நன்றாகப் பேசுவான், ஆராதனையில் கிற்றார் வாசிப்பான், எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். பின்னர் அவன் எங்கேயோ பெரிய சபைக்குத் தலைவனாக வருவான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. இசை வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வார்கள். பகல் பதினொரு மணிக்கு, ஒரு வேலையும் செய்யாமல், கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருப்பதற்கு இந்த நாட்டில் எனக்கு யாரும் அதற்கு முன் அனுமதி தந்ததில்லை. மெய்யியல் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வராமலே மணி அடித்துவிடும். முதலில் அது எனக்குக் கோபத்தைத் தந்தது. குளிக்க வார்க்கத் தொடங்கிய ஆளைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும் விட்டது.

நான் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டேன் என்று கோயிலில் கதை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்கள் வேதத்துக்கு மாறிட்டியளாம். உண்மையோ?" என்று கேட்டாள்.

"இல்லையே. படிக்கப் போறன்."

"அங்க போறவை எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுறவையாம்."

சற்றுத் தள்ளி நின்ற கணவருக்கும் அது கேட்டது. அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வேலை என்றார். அவர் வேலை செய்யும் பொதி பிரிக்கும் நிலையத்தில் அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த கூட்டத்துக்கும் போகவில்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

இரண்டாம் வருடம் தொடங்கியபோது வேறொன்று வந்தது. கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு புதன்கிழமை ஆராதனையில் எழுந்து பேசவேண்டும். சாட்சி சொல்வது என்று ஊரில் வேதக்காரர் சொல்வார்களே, அதுதான். என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகள் முன்னால் வந்து நின்று, தங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது, கர்த்தர் எப்படி வந்தார், அதற்குப் பிறகு எப்படி மாறியது என்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். நெட்டைப் பெடியன் பேசியபோது முன்வரிசையில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அப்போது நானும் வாயை அசைத்தேன். அசைக்காமல் இருப்பது முரட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்தேன்.

என் முறை ஈஸ்டருக்குப் பிறகு வந்தது. டொச்சில் சாட்சிக்கும் சான்றிதழுக்கும் ஒரே சொல். அந்த ஒன்றைக் கொடுக்காவிட்டால் மற்றதையும் தரமாட்டார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது. பொய் சொல்லலாம். அல்லது உண்மையைச் சொல்லி, இரண்டு வருடமாக எனக்கு நல்லதையே செய்த ஆட்களின் முகத்தில் அடிக்கலாம். அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கலாம்தான். ஆனால் 'இல்லை' என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காமல் இருப்பது இந்த நாட்டில் நான் பழகிக்கொண்ட பழக்கம். தடிமனும் இருமலும் என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றுவிட்டேன். அடுத்த கிழமையும் நின்றேன்.

அன்றைக்குக் கணவர் காலை வேலை முடித்து வழமையைவிட முதலே வந்துவிட்டார். நான் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குத் தேவையானதைவிட மிகவும் அதிகமாக உரித்துவிட்டிருந்தேன்.

"இண்டைக்கு வகுப்பு இல்லையோ?"

"தடிமன்."

"போன கிழமையும் தடிமன்."

கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்பவே சொன்னனான் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைக் கேட்பதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"சாட்சி எண்டால் என்ன?" என்றார். "கண்டதைச் சொல்லுறதுதானே. நீர் இவ்வளவு நாளும் அங்க என்னத்தைக் கண்டீர்? அதைச் சொல்லும். காணாததை ஏன் சொல்லப்போறீர்?"

"அவைக்கு மனம் நோகாதோ?"

"கண்டதைச் சொன்னால் நோகாது. ஒளிச்சிருந்தால்தான் நோகும்." பிறகு, "எத்தினை மணிக்கு?" என்றார்.

"எது?"

"புதன்கிழமை. நான் லீவு போடுறன்."

அவர் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார். நான் அழிக்கச் சொல்லவில்லை. சொன்னாலும் அழித்திருக்கமாட்டார். ஆலயத்தின் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதானவர் பாட்டுப் புத்தகத்தை விரித்து நீட்ட, இவர் அதை வாங்கி மடியில் கவனமாக வைத்துக்கொண்டதை முன்னால் இருந்து பார்த்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. எழுதியிருந்தால் மறுபடியும் கடமைக் குறிப்பாகத்தான் வந்திருக்கும்.

"நான் உங்கள் கடவுளைக் காணவில்லை," என்று தொடங்கினேன். "அதனால் அவரைப் பற்றி நான் பேச முடியாது. நான் கண்டதைச் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து, கதிரைகளை வரிசையாகப் போட்டிருக்கும் அறைகளில் நான் நிறைய இருந்திருக்கிறேன். வெளிநாட்டவர் அலுவலகம். வேலை அலுவலகம். வைத்தியசாலை. எல்லா அறைகளிலும் என் கையில் ஒரு இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்தைக் கூப்பிடும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். கூப்பிட்ட பிறகு இன்னும் பலமாக அடிக்கும். உள்ளே போனால் நான் ஏன் வந்தேன், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பார்கள். இங்கேயும் கதிரைகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. முதல் நாள் வந்து இருந்தபோது, பழக்கத்தில் கையைப் பார்த்தேன். இலக்கம் இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை தோறும் நீங்கள் செபித்தீர்கள். நான் சும்மா இருந்தேன். அப்படி இருந்து எனக்குப் பழக்கமில்லை. இங்கே பழகினேன். அதற்காக உங்களுக்கு நன்றி. நான் கண்டது அவ்வளவுதான்."

ஆமென் வரவில்லை. அது வராமல் இருந்தது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. நான் சொன்னதை யாரும் ஆமென் போட்டு மூடவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பெண்மணி முதல் வரிசையில் இருந்தார். சத்தமில்லாமல் "டாங்கே" என்று நன்றி சொன்னார். பிறகு பியானோ தொடங்கியது. நான் என் இடத்துக்குப் போய் இருந்தேன்.

வெளியே, கோட்டுகள் மாட்டும் இடத்தில், நெட்டைப் பெடியன் வந்து என் பக்கத்தில் நின்றான். தன் கோட்டை எடுத்துவிட்டுப் போடாமல் கையில் வைத்திருந்தான்.

"நான் அன்றைக்குச் சொன்னதில் பாதி, சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னது," என்றான். "உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்."

"மற்றப் பாதி?"

யோசித்தான். "மற்றப் பாதி உண்மை."

"அது நிறையத்தானே," என்றேன். அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலால் போனான். முகம் கொஞ்சம் இலேசாகியிருந்தது.

கணவர் கூடத்தில் கோப்பிக் குவளையோடு நின்று, பாட்டுப் புத்தகம் கொடுத்த பெரியவரோடு வாகனம் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மாநகரசபையில் ஒரே குறை இருந்தது. காரில் கொஞ்ச தூரம் வந்ததும் சொன்னார்.

"கோப்பி நல்ல கோப்பி."

"ம்."

"உமக்கு டொச் இவ்வளவு வரும் எண்டு எனக்குத் தெரியாது."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை நான் எண்ணி வைக்கவில்லை. ஆனால் இதை மறக்கமாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அதே பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அண்ணையும் இப்ப சேர்ச்சுக்குப் போறாராமே," என்றாள். யாரோ எங்கள் காரை அங்கே கண்டிருக்க வேண்டும்.

"ஓம், போனனான்," என்றார் கணவர். "என்ர மனுசி பேசினவ. நல்லாப் பேசினவ. அடுத்தமுறை நீங்களும் வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

அவள் பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மாத நிர்வாகசபைக் கூட்டத்துக்குக் கணவர் போனார். திரும்பி வந்து, ஒலிபெருக்கி வாங்குவதைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள் என்று மிகுந்த திருப்தியோடு சொன்னார்.

வாய்மொழிப் பரீட்சை கோடையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். போரில் இடிந்த நகரங்களை மக்கள் திரும்பக் கட்டுவதைப் பற்றி நான் எழுதிய கடைசிக் கட்டுரையில் இருந்து கேட்டார்கள். பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா, எது சரி என்று வரலாற்று ஆசிரியர் கேட்டார். இடையில் ஒரு சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்குரிய டெர் வருமா, ஒன்றன்பாலுக்குரிய டாஸ் வருமா என்று தடுமாறி நின்றுவிட்டேன். அவர்கள் காத்திருந்தார்கள். எது வந்தாலும் வரட்டும் என்று பிழையானதைப் போட்டுக்கொண்டு மேலே போனேன். கட்டுகிறவர்கள் அங்கே இருந்து வாழப்போகிறார்களா என்பதைப் பொறுத்தது என்றேன். சரியோ பிழையோ, நான் யோசித்துச் சொன்ன பதில் அது. வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு, சித்தியடைந்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கை கொடுத்தார்கள். தோளில் வலி இருக்கும் என்று தெரிந்து, வரலாற்று ஆசிரியர் என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் பட்டத்தால் எனக்கு வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருந்து தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. அது என் டொச்சுக்காகக் கிடைத்தது. பட்டத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஆனால் அது பிறகு.

பரீட்சையன்று நான் ட்ராமில் ஏறி யன்னலோரம் இருந்தேன். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நினைத்துத் தொலைபேசியைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது, ஓட்டுநர் என் முன்னால் நின்று, "அம்மணி, இது கடைசித் தரிப்பு," என்று சொன்னது. நடுப்பகல். வாய் திறந்தபடி நித்திரை கொண்டிருக்கிறேன். ட்ராமில் நான் அதற்கு முன் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. காலை வேலைக்குப் போகும்போதும் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் போவேன்.

இறங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத இடம். ஒரு பூங்கன்றுக் கடை, ஒரு வாங்கு, அப்பால் வயல். வாங்கில் இருந்துகொண்டு கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எங்க நிக்கிறீர்? ஏன் எடுக்கேல்லை? என்ன நடந்தது?"

"பாஸ். நித்திரை கொண்டிட்டன். கடைசித் தரிப்பில நிக்கிறன்."

மறுபக்கத்தில் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் தொலைபேசியில் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்பிடியே இரும்," என்றார். "காரை எடுத்துக்கொண்டு வாறன். திரும்ப நித்திரை வந்தால் கொள்ளும். நான் வந்து எழுப்புறன்."